நல்லது முங்கும்

வாளித் தண்ணீரில் முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஹாஃபியா.

நல்ல முட்டை முங்கும். கெட்டது மிதக்கும். கீறல் விழுந்ததை ஒதுக்கிவிட்டு, முங்கியதையெல்லாம் வெங்காயத்தோல் போட்ட பானையில் அடுக்கினாள். ஞாயிறு ஈஸ்டர். சிவக்க வெந்து, கோயிலில் மந்திரித்து வந்ததும் எல்லோரும் தின்ன வேண்டியவை.

தோளில் காலிச் சாக்குடன் தனாஸ் வாசலில் நின்றான்.

"என்னடி இடக்கைக்காரி, முட்டைய இப்படி மொறைக்கிற? அது உன்ன என்ன பண்ணுச்சு?"

"கெட்டது எதுன்னு தெரிய வேணாமா? முட்டைன்னாலும் சரி, புருஷன்னாலும் சரி."

"அப்ப என்னையும் தண்ணில போட்டுப் பாரு."

"போடவே வேணாம். நீ மிதப்ப."

அவன் சிரித்துக்கொண்டே, வெயில் ஏறிவிட்டதென்று தோல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, செரெமோஷ் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த மாவு மில்லுக்குப் புறப்பட்டான்.

மில்லை அடுத்த வீடு வசிலினாவுடையது. புருஷனை இழந்தவள். முட்டையில் மெழுகால் கோடிழுத்துச் சாயம் தோய்ப்பதில் அவளை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை.

அன்று காலையில் தனாஸின் தோல்சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது ஹாஃபியாவுக்கு உள்பையில் ஒரு கைக்குட்டை தட்டுப்பட்டது. மடிப்புக்குள் ஒரு முட்டை. கறுப்பில் சிவப்புக் கோடு. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பச் செருகிவிட்டாள்.

வரைந்த முட்டையை யாரும் வேகவைப்பதில்லை, தின்பதுமில்லை. பச்சையாகவே கொடுப்பார்கள். ஒரு பெண் ஓர் ஆணுக்குக் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பனி உருகி ஆறு ஏறிக்கிடக்கிறது, பக்கத்து வீட்டில் மாவு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தாள். புது மாவு ரொட்டிதான் ருசி என்றான். ருசியாம்.

அவன் தலை மறைந்ததும் கைக்குட்டையை எடுத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை. வசிலினாவின் கைவேலையை ரசிக்க இவளுக்கென்ன தலையெழுத்தா? அப்படியே வாளிக்கு மேல் கவிழ்த்தாள். முங்கட்டும். இந்த வாரத்து முட்டைதான் என்று சாட்சி சொல்லட்டும்.

முங்கவில்லை.

தக்கை போல மிதந்தது. எடுத்துக் காதருகே ஆட்டினாள். உள்ளே கரு காய்ந்து கல்லாகிக் கடகடத்தது. அப்படிக் காய எத்தனையோ வருஷம் பிடிக்கும்.

அப்போதுதான் அந்தச் சுருள் கோடுகளைக் கவனித்தாள்.

ஊரில் எல்லோரும் சுருளை வலப்பக்கம் சுற்றுவார்கள். இது இடப்பக்கம் சுற்றியிருந்தது. முடிவில் சாயம் கொஞ்சம் வழிந்திருந்தது.

கல்யாணத்துக்கு ரொம்ப முன்னால், கோயில் மதிலோரம், ஒரு பையனின் கையில் இதைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தது நினைவுக்கு வந்தது.

"ஹாஃபியாக்கா! ஐயோ, ஹாஃபியாக்கா!"

ஆற்றுப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். தனாஸ் ஒரு தடவைகூட மேலே வரவில்லை என்றார்கள். விழுந்த இடத்திலேயே முங்கிவிட்டானாம்.

முட்டை அவள் கையிலிருந்து நழுவி வாளிக்குள் விழுந்தது.

மிதந்தது.