தேத்தண்ணிக் காட்சி

கத்தி இருக்கும், வெட்டாது. இரத்தம் ஓடும், வலிக்காது. செத்தவர் எழுந்து வந்து சோறு கேட்பார். அது என்ன?

சினிமாப் படப்பிடிப்பு. சரியாகத்தான் சொன்னீர்கள். கரவெட்டியில், முருகேசுவின் மூன்று மாடி வீட்டில் அன்று அதுதான் நடந்துகொண்டிருந்தது.

படத்தின் கதை இது: ஒரு பணக்காரன். வீடு பார்க்க வருகிறவர்கள் போதிய அளவு புகழாவிட்டால் கொன்றுவிடுவான்.

"எங்கடை ஆக்களின்ரை பணத்திமிரைக் கிழிக்கிற படம் அண்ணை," என்றான் இயக்குநர் கோபிசங்கர்.

"கிழியுங்கோ, கிழியுங்கோ. நிலத்து மாபிள் படத்திலை வடிவாய் விழுமோ?" என்றார் முருகேசு.

அவர் சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். வீடு தந்தவருக்கு ஒரு வேடமும் கொடுப்பது இங்கே வழக்கம். அவருக்கு விருந்தாளி வேடம். அதற்கென்றே வெள்ளைக் கோட் போட்டிருந்தார்.

கொலைகாரன் டிலக்ஷன். சாவகச்சேரியில் ஓட்டோ ஓட்டுகிறவன். முதல் படம். முந்தைய கொலையின் சிவப்புச் சாயம் அவன் கையில் இன்னும் காயவில்லை.

விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொண்டுவர ஒரு சிறுமி வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்னறையில் குடியிருக்கும் பத்மாசினியின் மகள் ஆரபியைக் கூப்பிட்டார்கள். ஏழு வயது.

"தட்டத்தை வைச்சிட்டுத் திரும்பிப் போகவேணும். அவ்வளவுதான்," என்றான் கோபிசங்கர்.

"நான் சாகத் தேவையில்லையோ?"

"இல்லையம்மா. நீ சின்ன ஆள்."

ஆரபிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கமரா ஓடியது. ஆரபி நடந்தாள். மாபிளில் கால் வழுக்கியது. தேத்தண்ணி முழுவதும் வெள்ளைக் கோட்டில்.

முருகேசு எழுந்தார். பளாரென்று அறைந்தார். பிள்ளை சுழன்று விழுந்தாள்.

ஒருவரும் அசையவில்லை. காட்சியில் புதிதாக எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விளக்குப் பிடித்தவன் கைகூடத் தட்டினான்.

பத்மாசினி ஓடிவந்து மகளைத் தூக்கினாள். அப்போதுதான் விளங்கியது. ஆரபியின் உதட்டில் இருந்தது சாயம் இல்லை.

"என்ன அண்ணை செய்தனீங்கள்?" டிலக்ஷன் முருகேசுவின் முன்னால் வந்து நின்றான்.

"அது... கை பட்டிட்டுது. தம்பி கோபி, எடுத்ததை உடனை அழியும்!"

கோபிசங்கர் மொனிற்றர் திரையை அவர் பக்கம் திருப்பினான். "ஒருக்காப் பாருங்கோ அண்ணை. பிறகு அழிப்பம்."

முருகேசு பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

"நான் எழும்புறது... நல்லாத்தான் இருக்கு, என்ன?"

"ராசா எழும்புற மாதிரி! படத்தின்ரை உயிரே உதுதான். ஆனால் பிள்ளையின்ரை முகம் கமராவிலை விழேல்லை. இந்தப் பக்கத்தாலை இன்னொருக்கா எடுத்தமெண்டால்..."

"மேலை இன்னொரு வெள்ளைக் கோட் கிடக்கு. மாத்திக்கொண்டு வாறன்."

பத்மாசினி திகைத்துப்போனாள். "தம்பி, திரும்பவும் அடிக்கப்போறியளோ?"

"மெல்லமாய்த்தான் அக்கா. கொடுமையைக் கொடுமையாய்க் காட்டினால்தானே சனம் திருந்தும்."

படியேறிக்கொண்டிருந்த முருகேசு திரும்பிப் பார்த்தார். "பத்மாசினி, பின்னறை வசதியாய்த்தானே இருக்கு?"

பத்மாசினி மகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டிலக்ஷன் வேடத்துக்குக் கட்டியிருந்த கழுத்துப் பட்டியைக் கழற்றிக் கதிரையில் போட்டான். "நான் நடிக்கேல்லை."

"உனக்கென்ன விசரா? படம் முழுக்க நீதான். இண்டைக்கு விட்டிட்டுப் போனால் இனி ஆர் உன்னைக் கூப்பிடுவினம்?" என்றான் கோபிசங்கர்.

"கூப்பிட வேண்டாம். அக்கா, வாசல்லை ஓட்டோ நிக்குது. பிள்ளையை ஆஸ்பத்திரியிலை காட்டுவம் வாங்கோ."

பத்மாசினி அவனைப் பார்த்தாள். பின்னறைப் பக்கம் பார்த்தாள். மகளை மெல்ல இறக்கிவிட்டாள்.

"பிள்ளையையே கேளுங்கோ," என்றாள்.

கோபிசங்கர் முழந்தாளிட்டு, முருகேசு கொண்டுவந்திருந்த பெரிய சுவிஸ் சொக்லேற் பெட்டி ஒன்றை நீட்டினான். "ஆரபிக்குட்டி, ஒரேயொருக்கா. பிறகு இது முழுக்க உனக்குத்தான். நிப்பியோ?"

டிலக்ஷன் சிவப்பாயிருந்த கையை நீட்டினான்.

ஆரபி கொலைகாரனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.