கீழே மட்டும் தெரியாது

கட்டில் காலியாக இருந்தது.

கடைசி பெஞ்சில், டெஸ்க்குக்கு அடியில், அவன் செல்போனைத் தொட்டான். வீட்டில் கேமரா இடது பக்கம் திரும்பியது.

கதவு. தாழ்ப்பாள் போட்டபடியே.

வலது பக்கம். ஜன்னல். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது காயப்போட்ட துண்டு.

அப்பா இல்லை.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பதினோரு நாள். “தனியா விடாதீங்க” என்றிருந்தார் டாக்டர். அதற்காகத்தான் இதைச் செய்தான். இரண்டு குட்டி மோட்டார், ஒரு பழைய வெப்கேம், பிளாஸ்டிக் டிபன் டப்பா மூடி, ஏராளமான பசை. ஒரு மோட்டார் பக்கவாட்டில் திருப்பும். இன்னொன்று மேலும் கீழும்.

கீழே என்றால் கொஞ்சம்தான். அதிகம் குனிந்தால் பாரம் தாங்காமல் மொத்தமும் கழன்று விழுந்தது. முப்பது டிகிரியில் நின்றுவிடும்படி புரோகிராமில் எழுதிவிட்டான்.

மேசை மேல் பொருத்திய அன்று அப்பாவிடம் பெருமையாக விளக்கினான்.

“ரூம் ஃபுல்லா தெரியும்ப்பா. இந்த மேசைக்கு முன்னாடி தரை மட்டும்தான் தெரியாது.”

அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இப்போது கேமராவைக் கீழே இறக்கினான். முப்பது. நின்றது.

மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே தரை. ஓர் ஆள் விழுந்து கிடக்கப் போதுமான தரை.

அப்பாவுக்கு போன் போட்டான். கட்டில் மேல் அப்பாவின் செல்போன் ஒளிர்ந்தது. ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

கரும்பலகையில் சார் கட்டுப்பாட்டுப் பொறியியல் நடத்திக்கொண்டிருந்தார்.

படத்தின் அடியிலிருந்து மெல்லப் புகை எழுந்தது.

மோட்டார் கருகுகிறது. சுற்றிலும் பிளாஸ்டிக். அப்பா தரையில்.

அவன் எழுந்துவிட்டான்.

“என்ன தம்பி, டவுட்டா?” என்றார் சார்.

அவன் கண் திரையிலேயே இருந்தது.

அடுத்த புகை வட்டமாக வந்தது. அதற்குள் இன்னொரு சின்ன வட்டம் புகுந்து வெளியேறியது.

மோட்டாருக்கு அவ்வளவு வித்தை வராது.

“இல்ல சார். கிளியர் ஆயிடுச்சு.”

உட்கார்ந்தான். விரலைத் திரையில் வைத்தான்.

இடது. வலது. இடது. வலது.

வீட்டில் கேமரா, வேண்டாம் வேண்டாம் என்று நிதானமாகத் தலையை ஆட்டியது.

புகை நின்றது.

பிறகு அடியிலிருந்து ஒரு கை நீண்டு, கட்டில் மேல் தீப்பெட்டியை வைத்தது.

தீப்பெட்டியை மட்டும்.

கேமரா அசையாமல் காத்திருந்தது.