மாதா கிளம்பும்வரை

மருமகள் இரண்டு ஜன்னலையும் விரியத் திறந்து, ஃபேனை ஐந்தில் வைத்தாள். டிசம்பர் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. அத்தையின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"இந்தக் குளிர்ல எதுக்குடி ஃபேன்?" கணவன் கிசுகிசுத்தான்.

"நாலு மணி வரைக்கும் உடம்பு தாங்கணும்ல?"

"அம்மா நெஜமாவே போயிட்டாங்களா?"

"கை ஐஸா இருக்கு, மூச்சக் காணோம். வேற என்னவாம்? சர்க்கரை ஊசி போட்டுட்டு மாலை கட்டப் போனேன். கஞ்சியோட வர்றதுக்குள்ள இப்படி!"

"டாக்டரக் கூப்பிடுவோம்."

"கூப்பிட்டா தெருவுக்கே தெரிஞ்சிடும். சாவு விழுந்த வீட்டுல மாதா சொரூபத்த வைப்பாங்களா? நேரா அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், வீட்டில் தொட்டில் ஆடவில்லை. அமலோற்பவத் திருநாளன்று மாதா ஒரே ஒரு வீட்டில்தான் தங்குவாள். அன்று அவளிடம் கேட்டால் மடி நிறையும் என்பார்கள். இவர்கள் பெயருக்குச் சீட்டு விழவே ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"மாதா நாலு மணிக்குக் கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் அத்தை தூங்குறாங்க, அவ்வளவுதான். செத்தவங்களுக்கு என்னங்க அவசரம்?"

ஒன்பது மணிக்குப் பாட்டும் பூவுமாகச் சொரூபம் வந்தது. முன்னால் மைக் அக்கா. சபைத் தலைவி, மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். வந்தவள் நேராக அறைக்கதவைத் தள்ளினாள்.

"எங்க பெரியம்மா? மாதாவப் பாக்க வேணாமா?"

"அசந்து தூங்குறாங்கக்கா."

"அதுக்கு இந்தக் குளிர்ல ஃபேனா? மாமியாரக் கொல்லப் பாக்குறியாடி?"

"அ... அவங்களுக்கு வேர்க்குதுக்கா." வாயில் வந்ததை உளறினாள்.

மைக் அக்கா குனிந்து கிழவியின் நெற்றியைத் தொட்டாள்.

"ஆமா, ஈரமாத்தான் இருக்கு. சரி, தூங்கட்டும்."

சொன்ன பொய்யைக்கூட மாதா மெய்யாக்கித் தருகிறாளே! மருமகளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பகல் முழுக்க ஜெபம். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டே கை ஓய்ந்தது. "ஏண்டி, டீயா பாயசமா? டப்பா சர்க்கரையும் இதுலதான் கொட்டினியா?" என்று மைக் அக்கா சிரித்தாள். "இருக்கட்டும், அடுத்த வருஷம் இனிப்பான சேதி சொல்லு."

ஆள் குறைந்த நேரம் பார்த்து மருமகள் சொரூபத்தின் காலைக் கட்டிக்கொண்டாள். "என்னையும் ஒரு தாயாக்கிடும்மா" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

நாலு மணிக்கு மாதா கிளம்பினாள். பாட்டு தெருமுனை திரும்பியதும் கணவன் பக்கத்துத் தெரு டாக்டரைக் கூப்பிட ஓடினான். மருமகள் ஃபேனை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்தினாள்.

"எப்ப நடந்துச்சு?" என்றார் டாக்டர்.

"இப்பத்தான் டாக்டர். ஒரு அரை மணி நேரம் இருக்கும்." சொல்லிப் பார்த்து வைத்திருந்ததுதான், தடுமாறாமல் வந்தது.

டாக்டர் கிழவியின் கையைத் தூக்கினார். காலையில் போன உயிர். கட்டை போல விறைத்திருக்குமே, மாட்டினோம்! மருமகள் கண்ணை இறுக்கிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள்.

கை சுலபமாக மடங்கியது. டாக்டர் அக்குளில் சூடு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். மேசையில் கிடந்த ஊசியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் ஆடை படிந்து ஆறிக்கிடந்த கஞ்சியையும் பார்த்தார்.

"ஊசி போட்டப்புறம் எதுவும் சாப்பிடலையா? சர்க்கரை இறங்கி மயக்கமாயிடுமே!"

"இல்ல டாக்டர்... தூங்கிட்டாங்க."

அவர் பேனாவை எடுத்தார்.

"நீங்க சொன்ன நேரம் சரிதாம்மா. உயிர் போயி அரை மணி நேரம்தான் ஆகுது."