கறிவேப்பிலையின் அண்ணன்

கறிவேப்பிலைச் செடிக்குத் தன் பெயரில் வேம்பு இருப்பது பிடிக்கவே பிடிக்காது. "இலை ஒரே சாயலென்று எவனோ அப்படி அழைத்துவிட்டான். குழம்புக்கு மணம் தருகிற எனக்கும் இந்தக் கசப்பு மரத்துக்கும் என்ன உறவு?" என்று பக்கத்து வேம்பின் காதுபடவே சொல்லும்.

ஒருநாள் முட்டையிட இடம் தேடி ஒரு பட்டாம்பூச்சி வந்தது. புழுக்கள் பொரிந்தால் ஓர் இலைகூட மிஞ்சாது. செடி நடுங்கிப்போய், "நானும் வேம்புதானம்மா, ஒரே கசப்பு. வேண்டுமானால் அண்ணனைக் கேள்" என்றது.

"ஆமாம், என் தம்பிதான்" என்றது வேம்பு.

பட்டாம்பூச்சி ஓர் இலையில் இறங்கிக் காலால் தட்டிப் பார்த்தது.

"உன் அண்ணன் நல்ல மனசுக்காரர். ஆனால் கண்ணால் பார்த்துப் பெயர் வைப்பது மனிதர் வழக்கம். எங்களுக்கு நாக்கு காலில் இருக்கிறது" என்று சொல்லி, தளிருக்கு ஒன்றாக முட்டையிடத் தொடங்கியது.