குறட்டை, பதிப்பு பதினான்கு

"குறட்டை யாரோடது? இப்பவே தெரிஞ்சாகணும்!"

குழுத் தலைவர் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. கையேடு எழுதுபவள் மட்டும் மெல்ல எழுந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரரோடது சார்."

யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். அந்த நிறுவனம் மென்பொருள்களுக்கு ஒரு பொதுக் கிடங்கு நடத்திவந்தது. யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதியதைப் பேக்கேஜாகக் கட்டி அதில் வைக்கலாம். வேண்டியவர்கள் பெயரைச் சொன்னால் போதும், அது தானாகக் கம்ப்யூட்டரில் வந்து உட்காரும். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு விவரத்தாள் வேண்டும். பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, அது ஓட, கூடவே வந்து இறங்க வேறு எந்தப் பேக்கேஜ் தேவை, யார் பொறுப்பு. அந்தத் தாளை எழுதச் சொல்லித்தரும் கையேட்டைத்தான் இவள் நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி முடித்திருந்தாள்.

"உதாரணத்துக்கு ஒரு பேர் வேணுமேன்னு போட்டேன் சார். அப்படி ஒரு சாஃப்ட்வேரே கிடையாது. அன்னைக்குச் சரியான தூக்கம் இல்ல, அந்தக் கடுப்புல..."

தலைவர் கையேட்டை விரித்தார். "பெயர், குறட்டை. பதிப்பு, பதினாலு. அதென்ன பதினாலு?"

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம் சார்."

"விளக்கம், வீட்டுக்காரர் படுத்ததும் தானாக ஓடும், நிறுத்த வழியில்லை." அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடுத்த பக்கத்துல 'தேவையானவை: குறட்டை'ன்னு ஒரு மாதிரித் தாள். ஜனங்க ஈயடிச்சான் காப்பி அடிச்சு, அந்த வரியை அழிக்காமலே அனுப்பியிருக்காங்க. முந்நூறு பேக்கேஜுக்குக் குறட்டை வேணுமாம்! நேத்து வரைக்கும் 'குறட்டை கிடைக்கல'ன்னு திட்டினாங்க. இன்னைக்குக் காலையில இருந்து 'குறட்டை நிக்கல'ன்னு திட்டுறாங்க!"

"இல்லாதது எப்படி சார் நிக்கும்?"

"யாரோ புண்ணியவான் நேத்து சாயங்காலம் நிஜமாவே ஒண்ணு செஞ்சு கிடங்குல வெச்சுட்டான். கம்ப்யூட்டரைத் திறந்தாலே கொர்ருங்குது. கையேட்டைத் தூக்கிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

அவளுடைய நாலு மாத உழைப்பு, ஒரு கடுப்பில் போயிற்று.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் பக்கத்து மேஜை இன்ஜினியர் பெண். "வெச்சவர் கிடங்குக்கே புதுசு. கேள்வி-பதில் பகுதியில 'மவுஸ்னா என்ன'ன்னு கேட்டிருக்கார். ஆனா விவரத்தாள்ல ஒரு புள்ளி பிசகல. அக்கா கையேட்டைப் பார்த்தே எழுதியிருக்கார்."

தலைவர் எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "ஒண்ணும் தெரியாத ஆளே எழுதிட்டானா? அப்போ கையேடு நல்லாத்தான் இருக்கு. சரி, மேலிடத்துல நான் பேசிக்கிறேன். உதாரணத்தை மட்டும் மாத்துங்க. யாராம் அந்த ஆளு?"

"பொறுப்பாளர்ங்கிற இடத்துல 'பாதிக்கப்பட்டவர்'னு போட்டிருக்கு சார்."

"பாவம், என்னை மாதிரி யாரோ ஒருத்தி!" என்றாள் அவள், போன உயிர் திரும்பி வந்தவளாக.

"போட்டுக் கேக்கலாமா அக்கா?"

ஒலிபெருக்கி உறுமியது. மரம் அறுக்கும் இயந்திரம்போல் இழுத்து, நடுவில் விக்கி, கடைசியில் விசிலடித்து ஓய்ந்து, மறுபடி முதலிலிருந்து. கூடமே மேஜையைத் தட்டிச் சிரித்தது.

அவள் மட்டும் துள்ளி எழுந்தாள். "ஐயோ, இது எங்க வீட்டுக் குறட்டையேதான்! ஆயிரத்துல வெச்சாலும் கண்டுபிடிச்சிருவேன். அந்த மனுஷன்தான் போன வாரம் கையேட்டைப் படிச்சுட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். கடிகாரம் ரிப்பேர் பண்றவருக்கு இதெல்லாம் எப்படி வந்துச்சு! கேட்டுக்கங்க சார், அவரே ஒத்துக்கிட்டார். இந்த விசில்லதான் தினமும் திடுக்குன்னு முழிச்சுக்குவேன். முழிச்சுப் பார்த்தா, ஒண்ணுமே தெரியாத மாதிரி கம்முனு படுத்திருப்பார். கேட்டா, 'நான் எங்கடி விட்டேன்'னு சாதிப்பார்!"

"பதினாலு வருஷமா? உங்களுக்குக் கோயிலே கட்டணும்," என்றார் தலைவர், மனம் கசிந்து.

அப்போது ஒலிபெருக்கியில் குறட்டை கொஞ்சமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, அதற்கு மேலாகவே அவள் கணவனின் குரல் தெளிவாகக் கேட்டது: "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. பேசுறது நான். குறட்டை விடுறது அவ."