பேசாத தெரு

ஒசூரில் வீடு பார்த்தபோது, இந்தத் தெருவில் பூச்செடிகள் பேசுமா என்பதுதான் சுகிர்தா தரகரிடம் கேட்ட முதல் கேள்வி. "இங்க இன்னும் அந்த வசதி வரலம்மா" என்று அவர் கூச்சத்தோடு சொன்னார். அன்றைக்கே குடிவந்துவிட்டாள்.

மற்ற ஊர்களில் செடிகளே பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தங்கள் பெயரையும் தெருவின் பெயரையும் சொல்லிக்கொடுத்தன. இங்கே சுகிர்தாவே சாயங்காலங்களில் மகளை அழைத்துக்கொண்டு சுற்றினாள். புருஷன் முறித்த இடது கை இன்னும் சரியாக மடங்காததால், வலது கையால் மகளைப் பிடித்திருப்பாள். இது நந்தியாவட்டை. இது அரளி, தொடக் கூடாது. யார் கேட்டாலும் உன் பெயர் நிலா.

நேற்று வரை ஊமையாக இருந்த முனைவீட்டுச் செம்பருத்தி இன்று பேசியது.

"வணக்கம் பாப்பா. நான் செம்பருத்தி. உன் பேர் என்ன?"

"நிலா" என்று சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் குழந்தை அம்மாவைப் பார்த்தது.

"பொய் சொல்லக் கூடாது ஆதிரை. மதுரையில உங்க வீட்டு வாசல்லயும் நான்தானே இருந்தேன்? உங்கப்பா பாவம், தினமும் என்கிட்ட வந்து நீ எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

சுகிர்தா மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். வழியில் நந்தியாவட்டை அதே குரலில், அதே கனிவோடு சொன்னது.

"ஓடாத ஆதிரை, விழுந்துடுவே. அப்பாகிட்ட சொல்லியாச்சு. கிளம்பிட்டாராம்."