உப்புத் தண்ணீர்க் குமிழி

கிட்ட வந்து இருங்கள், என் செல்வங்களே. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற கதை ஒன்று வைத்திருக்கிறேன்.

“பற்றறியில சிவப்புத் துணியை மாத்திக் கட்டி அனுப்பினது உங்கட கடைதானே, தம்பி?” சிவலட்சுமி குரலை உயர்த்தாமலே கேட்டாள். “மெஷின் எரிஞ்சு போச்சு.”

சிறாஜ் தலை குனிந்தான். புத்தளத்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தண்ணீரூற்றில் பற்றறிக்குச் சார்ஜ் போடும் கடை திறந்தவன் அவன். பிளஸ் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிக் கொடுப்பது அவன் கடை வழக்கம். மின்சாரம் இல்லாத அந்த ஊர் அந்தத் துணியை நம்பித்தான் வயர் கொடுத்தது.

எரிந்தது, சிவலட்சுமியின் புருஷன் பழனியாண்டியும் மகன் சுமனும் பழைய பிறிண்டர் மோட்டர்களைக் கழற்றிப் பொழுதுபோக்காகச் செய்த மெஷின். கொம்பியூட்டரில் எழுதிக் கொடுத்தால் பலகையில் அப்படியே வெட்டும். போன மார்கழியில் மீன் வாங்கவென்று முல்லைத்தீவுக் கரைக்குப் போன சுமனைச் சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை.

“வாற கிழமை ஆண்டுத் திவசம். பேர் வெட்டின பலகை ஒண்டைக் கரையில நட்டிட்டமெண்டால், அவன் வருவானெண்டு வாசல் படலையைப் பாக்காமல் படுக்கலாம் எண்டிருந்தன்.”

“நான் திருத்தித் தாறன், அக்கா. அது என்ர பொறுப்பு.”

பழனியாண்டி மூலையில் இருந்து, ஏற்கெனவே வழுவழுவென்றிருந்த முதிரைப் பலகையைத் திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சிறாஜ் மெஷினின் போர்ட்டைக் கழற்றினான். பியூஸ் போயிருந்தது. புதிது போட்ட பிறகும் மீட்டர் ‘கீ’ என்று கத்தியது. எங்கோ பிளஸும் மைனஸும் ஒட்டிக் கிடந்தன. டயோட் ஒன்றை எடுத்தான், சத்தம் நின்றது. மோட்டரை ஓட்டுகிற சிப் ஒன்றில் மயிரளவு வெடிப்பு. அடுத்த நாள், வவுனியாவில் வாங்கி வந்த புதிய சிப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

ஈயம் வைக்கிற கோலைச் சிவலட்சுமி குசினி அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்து நீட்டினாள். “மற்ற வீடுகளில மீன் பொரிக்கினம். நான் இரும்பு பொரிக்கிறன்.”

சிறாஜ் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளர், அடியில் கலங்கல், உள்ளே இரண்டு வயர் நுனிகள். “இதென்ன அக்கா, குடிக்கிறதோ?”

“உப்புத் தண்ணி, தம்பி. பற்றறி வயர் ரெண்டையும் இதுக்குள்ள விட்டால் மைனஸ் பக்கத்திலதான் நிறையக் குமிழி வரும். மகன் பழக்கினது. உந்த மனுசன் குமிழி பாக்காமல் ஒரு நாளும் வயர் குடுக்காது. அவ்வளவு பயம்.”

பலகை தேய்க்கிற சத்தம் நின்றது.

சிறாஜ் சிப்பை வைத்தான், புது டயோட்டை வைத்தான். மீட்டரால் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரி. இனிப் பற்றறி கொடுத்தால் போதும்.

அவன் கொடுக்கவில்லை. மூலையைப் பார்த்தான். பிறகு, சற்று முன் வைத்த சிப்பைக் கோலால் இளக்கி எடுத்துச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டான்.

“இது இனி எழும்பாது, அக்கா. பிழை என்ர கடையிலதான். இப்போதைக்குப் பெயின்றால எழுதுங்கோ.”

சிவலட்சுமி அவன் கையிலிருந்த கோலை வாங்கிக்கொண்டாள். “பெயின்ற் எண்டாலும் பேர் பேர்தானே. ஆனால் இனி உங்கட கடைக்கு எங்கட பற்றறி வராது, தம்பி.”

“ஓம், அக்கா.”

அவள் அடுப்பை அணைக்கப் போனாள். பழனியாண்டி படலை வரைக்கும் அவனுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வீதியின் அந்தப் பக்கம் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, “பெயின்ற் எண்டால் அழிக்கலாம்,” என்றார்.

சைக்கிளை அவன் கையில் கொடுத்தார்.

“மெஷின் எரிஞ்ச அண்டைக்கும் குமிழி பாத்தனான், தம்பி. பாத்துப்போட்டுத்தான் துணியை மாத்திக் கட்டினனான்.”

உங்கள் வீட்டுப் பெயர்களெல்லாம், என் செல்வங்களே, கூப்பிடுவதற்கே இருக்கட்டும். கூப்பிட்டவுடன் உள்ளேயிருந்து பதிலும் வரட்டும்.